பிரேக் எதை உடைத்து வெளியேறும்? லூப், இஃப், ஸ்விட்ச்: ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகளையும், கல்லூரி முதலாண்டில் நிரல் எழுதத் தொடங்கியவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன்னில் சி++ வருகிறது, பிளஸ் டூவில் பைத்தான் வருகிறது. இரண்டிலும் பிரேக் உண்டு. லூப் என்பது சில வரிகளைத் திரும்பத் திரும்ப ஓட்டும் அமைப்பு; ஃபார், வைல் இரண்டும் லூப்தான். இஃப், நிபந்தனை உண்மையானால் மட்டும் தன் வரிகளை ஓட்டும், இல்லையென்றால் எல்ஸ் ஓடும். ஸ்விட்ச், ஒரு மதிப்பைப் பார்த்து கேஸ் எனப்படும் பல கிளைகளில் ஒன்றுக்குள் நுழையும். பிரேக், ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பைப் பாதியில் விட்டு வெளியேறச் சொல்லும் கட்டளை. ஒன்றில் கற்ற பழக்கம் இன்னொன்றில் காலை வாரிவிடும் இடமும் உண்டு. பாடப்புத்தகம் பிரேக்கைச் சுருக்கமாக முடித்துவிடுகிறது. அது போதாது என்பது என் கருத்து.

குழப்பம் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பிறக்கிறது. லூப்பில் பிரேக்கை நாம் அநேகமாக ஓர் இஃபுக்குள்தான் எழுதுகிறோம். அதனால் அது அந்த இஃபை விட்டு வெளியே வருகிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. அப்படி இல்லை. பிரேக்குக்கு இஃப் கண்ணிலேயே படாது.

மனப்பாடம் செய்ய வேண்டியது இது ஒன்றுதான்: பிரேக் இருக்கும் வரியில் விரலை வையுங்கள். அங்கிருந்து வெளிப்பக்கமாக ஒவ்வொரு அடைப்பாக, அதாவது ஓர் இஃபுக்கோ லூப்புக்கோ உரிய வரிகளின் தொகுதியாக, தாண்டுங்கள். வழியில் இஃப், எல்ஸ் எத்தனை வந்தாலும் கணக்கில் எடுக்காதீர்கள். முதலில் எதிர்ப்படும் லூப் எதுவோ, அதைத்தான் பிரேக் உடைக்கும். சி, சி++, ஜாவா போன்ற மொழிகளில் லூப்புக்கு முன்னால் ஸ்விட்ச் எதிர்ப்பட்டால் அதை உடைக்கும். உடைத்த பிறகு, அந்த அடைப்பு முடியும் இடத்துக்கு அடுத்த வரியில் ஓட்டம் தொடரும்.

கீழே வரும் குறிமுறைகளைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஃபார், இஃப், பிரேக் போன்ற மொழிச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். பைத்தான் 3-இல் மாறிகளின் பெயர்களைத் தமிழிலேயே விட்டுவிடலாம், அது ஏற்றுக்கொள்ளும். சி++-க்கு எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் மாற்றிக்கொள்வது நல்லது.

முதல் படி: ஒரே லூப், ஒரே பிரேக்

கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகள் பச்சைத் தேயிலையைப் பறித்து மூட்டையாகக் கட்டி, எடை போட்டு ஃபேக்டரி வண்டியில் ஏற்றுவதை எல்லோரும் பார்த்திருப்போம். வண்டியில் இன்னும் 120 கிலோதான் ஏற்றலாம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மூட்டைகள் வரிசையாக இருக்கின்றன.

சுமை = 0
ஃபார் மூட்டை இன் [35, 28, 40, 30, 15]:
    இஃப் சுமை + மூட்டை > 120:
        பிரேக்
    சுமை = சுமை + மூட்டை
பிரிண்ட்(சுமை)

தாளில் ஓட்டிப் பாருங்கள். முதல் மூட்டை 35, சுமை 35. இரண்டாவது 28, சுமை 63. மூன்றாவது 40, சுமை 103. நான்காவது மூட்டை 30 கிலோ. 103-உடன் 30 சேர்த்தால் 133, அது 120-ஐத் தாண்டுகிறது. இஃப் உண்மையாகிறது, பிரேக் நடக்கிறது. பிரேக்கிலிருந்து வெளிப்பக்கம் போனால் முதலில் வருவது இஃப், அதை விட்டுவிடுங்கள். அடுத்தது ஃபார். அதுதான் உடையும். ஓட்டம் நேராக பிரிண்ட் வரிக்கு வந்து 103 என்று அச்சாகும்.

இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. பிரேக் நடந்த சுற்றில் அதற்குக் கீழே உள்ள வரிகள் ஓடவில்லை. அதனால்தான் நான்காவது மூட்டை சுமையில் சேரவில்லை. ஐந்தாவது மூட்டையை நிரல் பார்க்கவே இல்லை. லூப் முடிந்த பிறகு மூட்டை என்ற மாறியைப் பைத்தானில் அச்சிட்டால் 30 வரும், அதாவது எந்த மூட்டையில் நின்றோமோ அது. பல இடங்களில் இது கைகொடுக்கும். சி++-இல் மாறியை ஃபார் அடைப்புக்குள்ளேயே அறிவித்திருந்தால் வெளியே அது கிடைக்காது. வேண்டுமென்றால் லூப்புக்கு மேலேயே அறிவிக்க வேண்டும்.

இப்போது கூட்டும் வரியை இஃபுக்கு மேலே தூக்கி வைத்து, நிபந்தனையைச் சுமை > 120 என்று மாற்றுங்கள். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் விடை 133. வண்டியில் பாரம் ஏறிய பிறகுதான் சோதிக்கிறோம். பிரேக் லூப்பைத்தான் நிறுத்தும், அதற்கு முன் செய்து முடித்த வேலையைத் திருப்பி எடுக்காது. பிரேக் எழுதும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி இதுதான்: இந்த வரிக்கு மேலே இந்தச் சுற்றில் என்னென்ன நடந்து முடிந்துவிட்டது? விடை தவறாக வரும் நிரல்களில் பாதிக்கு மேல் இந்த வரிசைப் பிழைதான் என்பேன்.

இரண்டாம் படி: பிரேக்கா, கன்டினியூவா?

மேலே உள்ள நிரலில் பிரேக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் கன்டினியூ போடுங்கள். கன்டினியூ லூப்பை உடைக்காது. நடக்கும் சுற்றை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போகும். நான்காவது மூட்டை 30 கிலோ, இடம் போதவில்லை, நிரல் அதை விட்டுவிடுகிறது. ஐந்தாவது மூட்டை 15 கிலோ. 103-உடன் சேர்த்தால் 118, இடம் இருக்கிறது. விடை 118.

எது சரி என்பதை மொழி சொல்லாது, வேலைதான் சொல்லும். வரிசை தாண்டி யாருடைய மூட்டையையும் ஏற்றக்கூடாது என்றால் பிரேக். இடம் வீணாகக்கூடாது என்றால் கன்டினியூ.

இதையே கொஞ்சம் சிக்கலான இடத்தில் பார்ப்போம். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது நமக்குத் தெரியும். 2025 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஆண்டுக் கோடைக்கு வரம்பும் வைத்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6000 வண்டிகள், வார இறுதியில் 8000. கொடைக்கானலுக்கு 4000, 6000. அரசுப் பேருந்துகளுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் அந்த வரம்பு இருக்கவில்லை. பயிற்சிக்காக, கல்லாறு சோதனைச்சாவடியில் வண்டிகள் ஒரே வரிசையில் நிற்பதாகவும், அங்கேயே எண்ணி அனுப்புவதாகவும் வைத்துக்கொள்வோம்.

உள்ளே = 0
ஃபார் வண்டி இன் வரிசை:
    இஃப் வண்டி.வகை == "அரசுப் பேருந்து":
        அனுப்பு(வண்டி)
        கன்டினியூ
    இஃப் உள்ளே == 6000:
        பிரேக்
    அனுப்பு(வண்டி)
    உள்ளே = உள்ளே + 1

வாசித்தால் சரியாகத்தான் தோன்றும். பேருந்து வந்தால் எண்ணாமல் அனுப்புகிறோம், வரம்பு நிறைந்தால் நிறுத்துகிறோம். ஆனால் 6001-ஆவது கார் வந்து நிற்கும் கணத்தில் பிரேக் நடக்கிறது, லூப் முழுதும் உடைகிறது. அந்தக் காருக்குப் பின்னால் மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த அரசுப் பேருந்து நின்றால் அதுவும் மேலே ஏறாது. வரம்பே இல்லாத வண்டியை நம் நிரல் தடுத்துவிட்டது.

பிரேக் எழுதுவதற்கு முன் கேட்க வேண்டியது இது: இதற்குப் பிறகு மிச்சமிருக்கும் எந்தப் பொருளுக்கும் இந்த லூப்பில் வேலை இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியுமா? முடியும் என்றால் பிரேக். முடியாது என்றால் கன்டினியூ. இங்கே சரியான வடிவம் இப்படி இருக்கும்:

    இஃப் உள்ளே == 6000:
        திருப்பி_அனுப்பு(வண்டி)
        கன்டினியூ

வரிசையில் கடைசி வண்டி வரை லூப் ஓடும். கார்கள் திரும்பும், பேருந்துகள் ஏறும்.

மூன்றாம் படி: இஃபிலிருந்து வெளியே வர என்ன வழி?

லூப் எதுவும் இல்லாமல் வெறும் இஃபுக்குள் பிரேக் எழுதினால் பைத்தான் நிரலை ஓட்டவே ஓட்டாது. லூப்புக்கு வெளியே பிரேக் இருக்கிறது என்று தொடரியல் பிழை காட்டும். சி++ கம்பைலரும் லூப்போ ஸ்விட்சோ இல்லை என்று நிறுத்திவிடும். இந்தப் பிழை வந்தால் நல்லது, உடனே தெரிந்துவிடுகிறது. கஷ்டம் எங்கே என்றால், வெளியே ஒரு லூப் இருந்து, நீங்கள் இஃபை மட்டும் விட்டு வர நினைத்து பிரேக் போட்ட இடத்தில். அங்கே பிழைச் செய்தி எதுவும் வராது. லூப் பாதியில் நின்றுவிடும், விடை மட்டும் குறைவாக வரும்.

இஃபின் மீதி வரிகளைத் தவிர்க்க வேண்டுமா? நிபந்தனையைத் திருப்பி எழுதி அந்த வரிகளை அதற்குள் வையுங்கள். அது மூன்று நான்கு அடுக்காகப் போனால் அந்தப் பகுதியைத் தனி ஃபங்ஷனாக, அதாவது பெயர் சொல்லி அழைக்கும் தனி நிரல்துண்டாக எடுத்து, தேவையான இடத்தில் ரிட்டர்ன் கொடுங்கள். ரிட்டர்ன் அந்த ஃபங்ஷனை மட்டும் முடிக்கும், அழைத்த லூப் தன்பாட்டுக்கு ஓடும்.

விதிவிலக்கு சில மொழிகளில் உண்டு. ஜாவாவிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் ஓர் அடைப்புக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டி, அந்தப் பெயரைச் சொல்லி பிரேக் செய்யலாம். அப்போது இஃபின் அடைப்பையும் உடைக்கலாம். ஸ்விஃப்ட் மொழியிலும் பெயரிட்ட இஃபை இப்படி விட்டு வரலாம். ரஸ்ட் மொழியில் 2022-இல் வந்த 1.65 பதிப்பிலிருந்து பெயரிட்ட வெற்று அடைப்பையும் பிரேக்கால் முடிக்கலாம். பெயர் சொல்லாத பிரேக்குக்கு நம் பழைய விதிதான்.

நான்காம் படி: முடிவில்லா வைலும் பைத்தானின் எல்ஸும்

எத்தனை மூட்டை வரும் என்று முன்கூட்டித் தெரியாதபோது, நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும் வைல் ட்ரூ எழுதி, உள்ளேயிருந்து பிரேக் செய்வது நல்ல வழக்கம்தான்.

மொத்தம் = 0
வைல் ட்ரூ:
    எடை = எடை_வாங்கு()
    இஃப் எடை == 0:
        பிரேக்
    மொத்தம் = மொத்தம் + எடை

சிலர் இதைத் தவறு என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். பிரேக் இல்லாமல் எழுதினால் எடை வாங்கும் வரியை லூப்புக்கு மேலே ஒரு முறை, லூப்பின் கடைசியில் ஒரு முறை என்று இரண்டு இடத்தில் எழுத வேண்டியிருக்கும். பிறகு ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிடுவோம். அதைவிட இதுவே மேல். பிரேக் கண்ணுக்குத் தெரியும்படி மேலேயே இருக்கட்டும், லூப்பின் நடுவில் புதைந்து கிடக்க வேண்டாம்.

பைத்தானில் இன்னொரு வசதி இருக்கிறது, பலர் பயன்படுத்துவதில்லை. ஃபாருக்கும் வைலுக்கும்கூட எல்ஸ் உண்டு. லூப் பிரேக் இல்லாமல் இயல்பாக முடிந்தால் மட்டும் அந்த எல்ஸ் ஓடும். பிரேக் நடந்தால் எல்ஸும் சேர்ந்தே தாண்டப்படும். எதையாவது தேடும்போது இது பொருத்தமாக இருக்கும்.

ஃபார் வண்டி இன் பாஸ்_பட்டியல்:
    இஃப் வண்டி == தேடும்_எண்:
        பிரிண்ட்("பாஸ் இருக்கிறது")
        பிரேக்
எல்ஸ்:
    பிரிண்ட்("பாஸ் இல்லை")

எல்ஸ் எந்த நெடுக்கில் நிற்கிறது என்று பாருங்கள். ஃபாருக்கு நேர் கீழே. அதை நான்கு இடைவெளி உள்ளே தள்ளி இஃபுக்கு நேராக வைத்தால் நிரல் பிழை காட்டாமல் ஓடும், ஆனால் பொருளே மாறிவிடும். பட்டியலில் தேடும் எண் பத்தாவதாக இருந்தால், முதல் ஒன்பது வண்டிகளுக்கும் "பாஸ் இல்லை" என்று ஒன்பது முறை அச்சாகி, பத்தாவதில் "பாஸ் இருக்கிறது" என்று வரும். பிள்ளைகளின் விடைத்தாளில் இந்த ஒரு தவறு திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு பொருளைப் பார்த்துவிட்டு "இல்லை" என்று சொல்ல முடியாது, எல்லாவற்றையும் பார்த்து முடித்த பிறகுதான் சொல்ல முடியும். அதனால்தான் எல்ஸ் லூப்புக்கு உரியதாக இருக்க வேண்டும். பட்டியல் காலியாக இருந்தாலும் எல்ஸ் ஓடும். அதுவும் சரியான விடைதான்.

ஐந்தாம் படி: லூப்புக்குள் லூப்

பிரேக் ஒரு அடுக்கைத்தான் உடைக்கும். மூன்று தோட்டங்களின் மூட்டை எடைகள் இப்படி இருக்கட்டும்.

தோட்டங்கள் = [[32, 55, 41], [38, 29], [61, 44]]
ஃபார் தோட்டம் இன் தோட்டங்கள்:
    ஃபார் மூட்டை இன் தோட்டம்:
        இஃப் மூட்டை > 50:
            பிரிண்ட்(மூட்டை)
            பிரேக்

ஐம்பது கிலோவுக்கு மேலான முதல் மூட்டையைக் கண்டதும் நின்றுவிட வேண்டும் என்று நினைத்து எழுதியது. ஆனால் 55, 61 என இரண்டு எண்கள் அச்சாகும். பிரேக்கிலிருந்து வெளியே வந்தால் முதலில் எதிர்ப்படுவது உள் ஃபார், அது மட்டும் உடைகிறது. அதனால் முதல் தோட்டத்தில் 41 பார்க்கப்படவில்லை. வெளி ஃபார் அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுகிறது. மூன்றாவதில் 61 கண்டதும் மறுபடி உள் லூப் உடைகிறது.

இரண்டு லூப்பையும் ஒன்றாக விட்டு வர மொழிக்கு மொழி வழி வேறு. பி.எச்.பி-யிலும் பாஷிலும் பிரேக் 2 என்று எழுதினால் இரண்டு அடுக்கு உடையும். ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட், கோ, ரஸ்ட் மொழிகளில் வெளி லூப்புக்குப் பெயர் கொடுத்து, பெயர் சொல்லி உடைக்கலாம். பைத்தானில் இந்த வசதி வேண்டும் என்று ஒரு முறைப்படியான முன்மொழிவு வந்தது, அதன் எண் 3136. மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோஸம் 2007-இல் அதை நிராகரித்தார். இவ்வளவு சிக்கலான நிரல் அபூர்வம், அதற்காக மொழியில் புது வசதி தேவையில்லை என்பது அவர் வாதத்தின் சாரம்.

பைத்தானில் நான் எப்போதும் சொல்வது ஃபங்ஷன்தான்.

டெஃப் கன_மூட்டை(தோட்டங்கள்):
    ஃபார் தோட்டம் இன் தோட்டங்கள்:
        ஃபார் மூட்டை இன் தோட்டம்:
            இஃப் மூட்டை > 50:
                ரிட்டர்ன் மூட்டை
    ரிட்டர்ன் நன்

எத்தனை அடுக்கு இருந்தாலும் ரிட்டர்ன் எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடித்துவிடும். கிடைக்காவிட்டால் நன் என்ற வெற்று மதிப்பு திரும்பும். கிடைத்ததா இல்லையா என்று குறித்துவைக்கும் கொடி மாறி வைத்து, உள் லூப்பில் அதை ட்ரூ ஆக்கி, வெளி லூப்பில் மறுபடி சோதித்து பிரேக் செய்யும் முறையும் உண்டு. அதில் தப்பில்லை, ஆனால் கொடியைச் சோதிக்க ஓரிடத்தில் மறந்தால் போச்சு.

ஆறாம் படி: ஸ்விட்ச்

பிரேக்குக்கு இரண்டு வேலை வந்தது சி மொழியால். அதற்கு மூதாதையான பி.சி.பி.எல் மொழியை மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் 1967 வாக்கில் வடிவமைத்தார். அதில் லூப்பை விட்டு வெளியே வர பிரேக் என்று ஒரு கட்டளை, ஸ்விட்ச் போன்ற அமைப்பை விட்டு வர எண்ட்கேஸ் என்று வேறொரு கட்டளை. 1970-களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழியில் இரண்டுக்கும் பிரேக் ஒன்றே ஆயிற்று. சி-யைப் பின்பற்றிய சி++, ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாம் அதையே எடுத்துக்கொண்டன. இன்று நாம் தடுமாறுவது அங்கே தொடங்கியது.

சி++-இல் ஒரு கேஸ் பொருந்தினால் ஓட்டம் அங்கே நுழையும். பிரேக் வரும் வரை அடுத்தடுத்த கேஸ்களின் வரிகளும் ஓடிக்கொண்டே போகும், அவை பொருந்துகின்றனவா என்று பார்க்காது. பிரேக்கை மறந்தால் கீழே உள்ளதும் சேர்ந்து ஓடும். அது தெரிந்த கதை. அதிகம் சொல்லப்படாதது இதுதான்:

வைல் (ட்ரூ) {
    சின் >> தேர்வு;
    ஸ்விட்ச் (தேர்வு) {
        கேஸ் 1: எடைபோடு(); பிரேக்;
        கேஸ் 2: ரசீது(); பிரேக்;
        கேஸ் 3: பிரேக்;
    }
}

1 என்றால் எடை, 2 என்றால் ரசீது, 3 என்றால் நிரலை விட்டு வெளியேறு என்று நினைத்து எழுதியது. 3 தட்டினால் வெளியேறாது. அந்த பிரேக்குக்கு முதலில் எதிர்ப்படுவது ஸ்விட்ச். அது உடைகிறது, வைல் மறுபடி சுற்றுகிறது, மறுபடி தேர்வு கேட்கிறது. கோ மொழியிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே கேஸ்கள் தானாகவே நின்றுவிடும், ஆனால் ஸ்விட்சுக்குள் எழுதும் பிரேக் ஸ்விட்சை மட்டும்தான் உடைக்கும், வெளியே உள்ள ஃபார் ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி செய்வது எப்படி? இந்த வைலைத் தனி ஃபங்ஷனில் வைத்து கேஸ் 3-இல் ரிட்டர்ன் கொடுங்கள். அல்லது ஓடட்டும் என்ற பெயரில் ஒரு பூலியன் மாறியை (ட்ரூ, ஃபால்ஸ் இரண்டில் ஒன்றை மட்டும் வைத்திருப்பது) வைத்து, வைல் (ஓடட்டும்) என்று எழுதி, கேஸ் 3-இல் அதை ஃபால்ஸ் ஆக்குங்கள்.

கன்டினியூவுக்கு ஸ்விட்ச் ஒரு பொருட்டே இல்லை. சி++-இல் ஸ்விட்சுக்குள் கன்டினியூ எழுதினால் அது வெளியே உள்ள லூப்பின் அடுத்த சுற்றுக்குப் போகும். பி.எச்.பி-யில் மட்டும் அது பிரேக் போலவே ஸ்விட்சை முடிக்கும், 7.3 பதிப்பிலிருந்து எச்சரிக்கையும் வரும்.

இனி பிளஸ் டூவில் பைத்தானுக்கு வாருங்கள். 2021-இல் வந்த 3.10 பதிப்பிலிருந்து பைத்தானில் மேட்ச் என்ற அமைப்பு இருக்கிறது. ஸ்விட்ச் போலவே கேஸ் கேஸாக எழுதலாம். பொருந்திய கேஸ் முடிந்ததும் தானாக வெளியே வந்துவிடும், பிரேக் தேவையில்லை. பைத்தானின் பிரேக்குக்கு மேட்சும் இஃப் மாதிரிதான், கண்ணில் படாது. சி++ பழக்கத்தில் ஒவ்வொரு கேஸின் கடைசியிலும் பிரேக் போட்டால், முதல் தேர்விலேயே வெளி வைல் உடைந்து நிரல் முடிந்துவிடும். ஒரே மாதிரி தோன்றும் நிரல் சி++-இல் நிற்கவே நிற்காது, பைத்தானில் முதல் சுற்றிலேயே நின்றுவிடும். பிளஸ் ஒன் பழக்கத்தோடு வருகிறவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை வாசியுங்கள்.

இந்தக் குழப்பம் வகுப்பறையோடு நின்றுவிடவில்லை. 1990 ஜனவரி 15 அன்று அமெரிக்காவில் ஏ.டி. அண்ட் டி நிறுவனத்தின் நெடுந்தொலைவுத் தொலைபேசி வலையமைப்பு சுமார் ஒன்பது மணி நேரம் முடங்கியது. காரணம் ஒரு பிரேக். சி பிறந்த பெல் ஆய்வகம் அன்று இந்த நிறுவனத்துடையதுதான். முந்தைய டிசம்பர் நடுவில், அழைப்புகளை இணைத்துவிடும் அதன் 114 இணைப்பகங்களிலும் புது மென்பொருள் ஏற்றியிருந்தார்கள். பின்னர் வெளியான சுருக்கக் குறிமுறையின் அமைப்பு இப்படி: வெளியே ஒரு லூப், அதற்குள் ஸ்விட்ச், அதன் ஒரு கேஸில் இஃப், அதற்குள் இன்னொரு இஃபும் எல்ஸும். அந்த எல்ஸில் ஒரு பிரேக். இஃபை விட்டு வெளியே வந்து, அதே கேஸின் மீதி வரிகள் தொடரும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. பிரேக் ஸ்விட்சையே உடைத்தது. வந்த செய்தியைக் கையாண்டு சுட்டிகளை (தகவல் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று காட்டும் மாறிகளை) சரியான இடத்தில் வைக்கும் வரிகள் அந்த இடைவெளியில் தாண்டப்பட்டன. ஸ்விட்சுக்குக் கீழே இருந்த வேலை, சரிசெய்யப்படாத சுட்டிகளோடு நடந்து, வேறு தகவல் மேல் எழுதிவிட்டது.

நியூயார்க்கில் ஓர் இணைப்பகம் தன்னை மீட்டெடுத்துக்கொண்டு, மறுபடி வேலைக்கு வந்துவிட்டேன் என்று அண்டை இணைப்பகங்களுக்குச் செய்தி அனுப்பியது. மிகக் குறுகிய இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்து சேர்ந்தால் மட்டும் அந்த எல்ஸ் ஓடும். அப்படி வந்தது. அண்டை இணைப்பகம் தகவல் கெட்டதைக் கண்டு தன்னை நிறுத்தி மறுபடி தொடங்கியது, மீண்டு வந்ததும் அதுவும் செய்தி அனுப்பியது. இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவி 114-க்கும் போயிற்று. கோடிக்கணக்கான அழைப்புகள் போய்ச் சேரவில்லை. அந்த நிரலை எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் இல்லை. விரலை வைத்து வெளிப்பக்கம் போய்ப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

பிற்கால மொழிகள் இந்த ஓட்டையை அடைக்கப் பார்த்திருக்கின்றன. சி#-இல் வேலை செய்யும் கேஸ் பிரேக் போன்ற முடிவு இல்லாமல் அடுத்ததற்கு ஒழுகினால் கம்பைலர் பிழை சொல்லும். ஜாவா 14-இல் 2020-ஆம் ஆண்டு அம்புக்குறி கேஸ் நிரந்தரமாக வந்தது, அதில் ஒழுக்கு இல்லை. சி++17-இல் வேண்டுமென்றே கீழே விடுகிறேன் என்று அறிவிக்க ஃபால்த்ரூ என்ற குறிப்பு இருக்கிறது. ஜி.சி.சி என்ற சி++ கம்பைலரில் 7-ஆம் பதிப்பிலிருந்து கூடுதல் எச்சரிக்கைகளை இயக்கிவிட்டால், மறந்துபோன பிரேக்கை அது சுட்டிக்காட்டும். சி++ பழகும் பிள்ளைகள் அந்த எச்சரிக்கையை முதல் நாளிலிருந்தே இயக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தவறான இடத்தில் இருக்கும் பிரேக்கை எந்த எச்சரிக்கையும் காட்டாது. அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: ஓரத்தில் நிற்கும் சில இடங்கள்

பிரேக் ஃபங்ஷன் எல்லையைத் தாண்டாது. ஜாவாஸ்கிரிப்டில் ஃபார்ஈச்சுக்குக் கொடுப்பது ஒரு ஃபங்ஷன், அதனால் அதற்குள் பிரேக் எழுதினால் தொடரியல் பிழை. நடுவில் நிறுத்த வேண்டும் என்றால் ஃபார் ஆஃப் லூப்பை எடுங்கள்.

பைத்தானில் பிழை வரக்கூடிய வரிகளை வைக்கும் ட்ரை அடைப்புக்குள் பிரேக் இருந்து, கூடவே எது நடந்தாலும் கடைசியில் ஓடும் ஃபைனலி இருந்தால், லூப்பை விட்டுப் போவதற்கு முன் ஃபைனலி ஓடியே தீரும். கோப்பை மூடுவது போன்ற வேலையை அங்கே வைத்துவிட்டுத் தைரியமாக பிரேக் செய்யலாம். ஃபைனலிக்குள்ளேயே பிரேக் எழுதுவது மட்டும் வேண்டாம். அது நடந்துகொண்டிருக்கும் பிழையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். பைத்தான் 3.14 இதற்கு எச்சரிக்கையே கொடுக்கிறது.

ஒரு லூப்பில் எத்தனை பிரேக் இருக்கலாம்? வாகனம் போன்றவற்றின் பாதுகாப்பு மென்பொருளுக்கான மிஸ்ரா சி 2012 விதிகள், லூப்பை முடிக்க ஒன்றுக்கு மேல் பிரேக் வேண்டாம் என்கின்றன. பள்ளி நிரலுக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை. ஆனால் ஒரே லூப்பில் மூன்று பிரேக் இருந்தால், லூப் முடிந்த பிறகு எந்தக் காரணத்தால் முடிந்தது என்று தெரியாமல் போகும். அந்த நிலையில் லூப்பைப் பிரித்து எழுதச் சொல்வேன்.

எட்டாம் படி: கணினியைத் தொடாமல் ஓட்டிப் பாருங்கள்

மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போனால் போனதுதான். அந்த நேரத்துக்கு இந்தப் பயிற்சி. சி++ நிரல், விடையைத் தாளில் கண்டுபிடியுங்கள். எந்த கேஸும் பொருந்தாவிட்டால் டீஃபால்ட் ஓடும்.

இன்ட் கூட்டு = 0;
ஃபார் (இன்ட் நாள் = 1; நாள் <= 6; நாள்++) {
    இஃப் (நாள் == 2) கன்டினியூ;
    ஸ்விட்ச் (நாள்) {
        கேஸ் 3: கூட்டு += 10;
        கேஸ் 4: கூட்டு += 20; பிரேக்;
        டீஃபால்ட்: கூட்டு += 1;
    }
    இஃப் (நாள் == 5) பிரேக்;
}
சிஅவுட் << கூட்டு;

தாளில் நாள், கூட்டு என இரண்டு கட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிரேக் வரியின் அருகிலும் அது உடைக்கும் அடைப்பின் பெயரை முதலில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள். உங்களுக்கு 31 வந்தால், கேஸ் 4-இன் பிரேக் ஃபாரை உடைப்பதாக எடுத்துக்கொண்டீர்கள். 32 வந்தால், கேஸ் 3-க்குக் கீழே பிரேக் இல்லாததைக் கவனிக்கவில்லை. 53 வந்தால், கடைசி இஃபில் உள்ள பிரேக் அந்த இஃபை மட்டும் விட்டு வருவதாக நினைத்து ஆறாவது நாளையும் ஓட்டிவிட்டீர்கள்.

முதல் நாள் டீஃபால்ட், கூட்டு 1. இரண்டாம் நாள் கன்டினியூ, மாற்றமில்லை. மூன்றாம் நாள் 10 சேர்ந்து, நிற்காமல் 20-உம் சேர்ந்து 31. நான்காம் நாள் 20 சேர்ந்து 51. ஐந்தாம் நாள் டீஃபால்டில் 52, பிறகு கடைசி இஃபின் பிரேக் ஃபாரை உடைக்கிறது. விடை 52.